ஒலிபெருக்கி இல்லாத ஒரு கூட்டம்: பாபின் யார், 1966

1966 செப்டம்பர் 29 அன்று கீவ் நகரத்தில், பாபின் யார் என்ற பள்ளத்தாக்கு இருந்த இடத்தில், சில நூறு பேர் கூடினார்கள். ஆயிரத்துக்கும் மேல் என்று சொல்பவர்களும் உண்டு. அனுமதி வாங்காத கூட்டம், அதனால் மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. சரியாக 25 வருடம் முன்பு அதே இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட தங்கள் மனிதர்களை நினைத்து அழ வந்த யூதர்கள்தான் அதில் பெரும்பாலோர். அவர்கள் நடுவில் 35 வயது உக்ரைனிய இலக்கிய விமர்சகர் ஒருவர் பேசினார். பெயர் இவான் ஜூபா.

உக்ரைனியர், யூதர் நட்பு என்று பேச்செடுத்தால் இப்போது எல்லோரும் செலென்ஸ்கியில் ஆரம்பிக்கிறார்கள். 2019-ல் அவர் ஜெயித்தபோது பிரதமராக இருந்த ஹ்ரொய்ஸ்மனும் யூதர், ஆக சில மாதங்கள் நாட்டின் முதல் இரண்டு நாற்காலிகளிலும் யூதர்கள். அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்கிறார்கள். தேர்தல் முடிவு ஒரு சங்கதியைக் காட்டும், அது எப்படிச் சாத்தியமானது என்பதைக் காட்டாது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த மைக் இல்லாத கூட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்பது என் எண்ணம். ஆகவே இந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன நடந்தது, எங்கே இடறியது என்று பார்க்கிறேன்.

முன்கதை

கீவ் நகரின் நடுவில், சோஃபியா சதுக்கத்தில், குதிரை மேல் ஒரு வீரன் சிலை நிற்கிறது. போதான் ஹ்மெல்நிட்ஸ்கி. 1648-ல் போலந்துப் பிரபுக்களுக்கு எதிராக கொசாக்குகளைத் திரட்டி எழுந்தவர். உக்ரைனியப் பாடப் புத்தகத்தில் விடுதலை நாயகன். யூதர்களின் நினைவில் அதே பெயர் படுகொலையின் பெயர், ஏனென்றால் அந்தக் கிளர்ச்சியில் பல்லாயிரம் யூதர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பிரபுக்களின் நிலங்களில் வரி வசூல், சாராயக் குத்தகை போன்ற வேலைகளில் யூதர்கள் இருந்தார்கள். குடியானவன் கண்ணுக்குப் பிரபு எட்டவில்லை, குத்தகைக்காரன் எட்டினான். காரணம் இது என்று சொல்லலாம், நியாயம் என்று சொல்ல முடியாது.

1919 பிப்ரவரியில் ப்ரொஸ்குரிவ் என்ற ஊரில், ரஷ்யப் புரட்சிக்குப் பின் சில வருடம் மட்டும் நீடித்த உக்ரைனியக் குடியரசின் படைவீரர்கள் சில மணி நேரத்தில் ஏறக்குறைய 1500 யூதர்களைக் கொன்றார்கள். 1954-ல் சோவியத் அரசு அந்த ஊரின் பெயரை மாற்றியது. என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? ஹ்மெல்நிட்ஸ்கி. இன்றும் அதுதான் பெயர். ஒரு தரப்பு கௌரவம் என்று நினைத்துச் செய்ததை மறுதரப்பு எப்படிக் கேட்டிருக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேட வேண்டாம்.

ஆனால் அதே குடியரசுதான் 1918 ஜனவரியில் சிறுபான்மையினருக்குத் தனிச் சுயாட்சிச் சட்டம் போட்டது, யூதர் விவகாரத்துக்கென்று ஓர் அமைச்சகமே வைத்தது, தன் 100 கார்போவனெட்ஸ் பண நோட்டில் யூதர்கள் பேசிய யிட்டிஷ் மொழியிலும் எழுத்து அச்சடித்தது. காகிதத்தில் அவ்வளவு தாராளம், களத்தில் படையை அடக்க முடியவில்லை, சில இடங்களில் அடக்க மனமும் இல்லை. 1926-ல் அந்தக் குடியரசின் தலைவராக இருந்த சிமோன் பெத்லியூராவைப் பாரிஸ் தெருவில் ஷொலோம் ஷ்வார்ட்ஸ்பார்ட் என்ற யூதர் சுட்டுக் கொன்றார், இனக்கொலைக்குப் பழி என்றார். அடுத்த வருடம் பிரெஞ்சு நடுவர் குழு அவரை விடுவித்தது. ஒரு சமூகத்துக்கு நீதி, மறு சமூகத்துக்குத் தியாகியின் கொலை.

அப்புறம் 1941. ஜெர்மானியப் படை செப்டம்பர் 19-ல் கீவுக்குள் வந்தது. சில நாளில், பின்வாங்கிய சோவியத் படை வைத்துவிட்டுப் போன குண்டுகள் நகரின் முக்கிய வீதியான ஹ்ரெஷ்சாத்திக்கில் வெடித்தன. அதைச் சாக்காக வைத்து ஊரெங்கும் சுவரொட்டி: யூதர்கள் எல்லோரும் 29-ம் தேதி திங்கட்கிழமை காலை 8 மணிக்குப் பத்திரங்கள், பணம், கம்பளி உடுப்புகளோடு வரவேண்டும். எங்கோ அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்து வந்தார்கள். இரண்டு நாளில் 33,771 பேர். இந்த எண் கொன்றவர்களே பெர்லினுக்கு அனுப்பிய அறிக்கையில் இருப்பது. சுட்டது சோண்டர்கமாண்டோ 4ஏ என்ற பிரிவும் ஜெர்மன் போலீஸ் பட்டாலியன்களும். ஆட்களை வரிசையில் ஓட்டிச் சென்ற வேலையில் உக்ரைனியத் துணைக் காவல்படையினரும் இருந்தார்கள். அடுத்த இரண்டு வருடங்களில் அதே பள்ளத்தில் ரோமாக்கள் (ஜிப்சிகள்), சோவியத் போர்க்கைதிகள், உக்ரைனிய தேசியவாதிகள் என்று இன்னும் பல்லாயிரம் பேர்.

போர் முடிந்தது. சோவியத் அரசுக்கு அங்கே யூதர் என்ற சொல் பிடிக்கவில்லை. 'அமைதியான சோவியத் குடிமக்கள்' என்றுதான் எழுதுவார்கள். பக்கத்திலிருந்த செங்கல் சூளைகளின் சேற்று நீரைப் பள்ளத்துக்குள் விட்டு நிரப்பினார்கள். அந்த இடத்தில் பூங்காவும் விளையாட்டரங்கும் கட்டப் போகிறார்களாமே, நினைவுச்சின்னம் எங்கே என்று 1959-ல் மாஸ்கோ பத்திரிகை ஒன்றில் கேட்டவர் விக்தர் நெக்ரசோவ், கீவ்காரர், ஸ்டாலின்கிராட் போரில் இருந்து திரும்பிய எழுத்தாளர். 1961 மார்ச் 13-ல் சேற்றைத் தடுத்திருந்த கரை உடைந்து, கீழே குரெனிவ்கா பகுதி வீடுகளை மூழ்கடித்தது. அதிகாரக் கணக்கில் 145 பேர் செத்தார்கள், உண்மைக் கணக்கு அதைவிட மிக அதிகம் என்பதுதான் ஊரில் எல்லோரும் நம்புவது. மறைக்கப் போனது மேலே வந்து விழுந்தது என்று கீவ் கிழவிகள் பேசிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. அதே வருடம் பாபின் யார் பற்றி ரஷ்யக் கவிஞர் யெவ்துஷென்கோவின் கவிதை வந்தது, அடுத்த வருடம் இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச் அதைத் தன் 13-வது சிம்பொனிக்குள் கொண்டுபோனார். உலகம் முழுக்க அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டது; கீவில் மட்டும் ஒரு கல் இல்லை.

அந்த நாள்

ஆக 1966-ல் 25-வது நினைவு நாளன்று ஜனங்கள் தாங்களாகவே வந்தார்கள். நெக்ரசோவ் வந்தார், பேசினார். சிறையிலும் முகாமிலும் இருபது வருடத்துக்கும் மேல் கழித்துவிட்டு வந்த எழுத்தாளர் போரிஸ் அந்தொனென்கோ-தவிதோவிச் பேசினார். ஜூபாவும். மைக் இல்லாததால் பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் கேட்டிருக்கும். பேச்சு பிறகு கைப்பிரதியாக, தட்டச்சுப் பிரதியாக ஊர் ஊராகப் போயிற்று.

ஜூபா என்ன சொன்னார்? எனக்குப் பட்ட சாரத்தை என் சொற்களில் தருகிறேன். இந்தத் துயரம் மனித குலம் முழுவதற்கும் சொந்தம், ஆனால் நடந்தது உக்ரைனிய மண்ணில், அதனால் யூதர் எப்படி மறக்கக் கூடாதோ அப்படியே உக்ரைனியரும் மறக்கக் கூடாது என்றார். யூத வெறுப்பு என் ஜனங்களுக்குள் இருக்கிறது, உக்ரைனியன் என்ற முறையில் எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று நேராகச் சொன்னார். அதை எங்களுக்குள் எதிர்க்க வேண்டியது எங்கள் வேலை என்றார். அப்புறம்தான் மறுபக்கம் திரும்பினார்: உக்ரைனிய மொழியையும் பண்பாட்டையும் மதிக்காதவர்கள், ஒவ்வொரு உக்ரைனியனிலும் ஒரு யூத வெறுப்பாளன் ஒளிந்திருப்பதாகப் பார்ப்பவர்கள் உங்களில் இருந்தால் அவர்களை எதிர்ப்பது உங்கள் வேலை. யூதர் யூதராகவே இருக்கட்டும், உக்ரைனியர் உக்ரைனியராகவே இருக்கட்டும், அப்படி இருந்துகொண்டே ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வோம்.

இந்த இரண்டாவது பாதி என்னைக் கொஞ்சம் நெருடுகிறது, சொல்லிவிடுகிறேன். பிணக்குழியின் மேல் நின்றுகொண்டு, செத்தவர்களின் உறவினர்களைப் பார்த்து, எங்கள் மொழியை நீங்கள் மதிக்க வேண்டும் என்று சொல்வது தகுமா? 33,771 உயிரும் ஒரு மொழிக்கு நேர்ந்த அவமதிப்பும் ஒரே தராசில் ஏறுமா? ஏறாது. அன்றைய கீவின் நிலையையும் பார்க்க வேண்டும்தான்: நகரம் ரஷ்ய மொழி பேசியது, யூதர்களும் ரஷ்ய மொழிதான் பேசினார்கள், உக்ரைனிய மொழி பட்டிக்காட்டு மொழி என்ற ஏளனம் சாதாரணம். முந்தைய வருடம் 1965-ல் கீவின் 'உக்ரைனா' திரையரங்கில், இயக்குநர் பரஜனோவின் படத்தின் முதல் காட்சியன்று எழுந்து நின்று, உக்ரைனிய அறிவாளிகளைக் கைது செய்கிறார்கள் என்று சபைக்கு முன்னால் சொன்னவர் இதே ஜூபா. அவருக்கு அது மெய்யான வலி. இருந்தாலும் நெருடல் நெருடல்தான். அங்கே வந்திருந்த யூதர்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள் என்பதோடு, பலர் அந்தப் பேச்சை வாழ்நாள் முழுக்க நன்றியோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றால், அவர் எடுத்த வரிசைதான் காரணம் என்று நினைக்கிறேன். முதலில் தன் வீட்டு அழுக்கு. இதற்கு முன்னால் முந்நூறு வருடமாக இரு தரப்பும் செய்து வந்தது நேர் எதிர்.

பேச்சில் இல்லாததும் உண்டு. 1941-ன் துணைக் காவல்படை பற்றிய கணக்கு அதன் மையமல்ல. ஸ்டாலின் காலம் ஊட்டி வளர்த்த வெறுப்பைத்தான் அவர் அதிகம் பேசினார். அந்தக் கணக்கு பிற்பாடு வேறு ஆட்கள் தலையில் விழுந்தது.

அரசு என்ன செய்தது? சில வாரத்தில் அவசரம் அவசரமாக ஒரு கிரானைட் கல் நட்டார்கள், இங்கே நினைவுச்சின்னம் வரும் என்று. வந்தது 1976-ல், பத்து வருடம் கழித்து, வெண்கலத்தில் பெரிய சிற்பம், யூதர் என்ற சொல் இல்லாமல். நெக்ரசோவ் 1974-ல் நாட்டை விட்டுப் போனார், 1987-ல் பாரிஸில் இறந்தார். ஜூபாவை 1972-ல் கைது செய்து ஐந்து வருடம் தண்டனை கொடுத்தார்கள். அவர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து வெளியே வந்தார். அதற்காக அவரை மன்னிக்காத நண்பர்கள் இருந்தார்கள். காசநோய் இருந்தது, சிறையில் சாவதற்கு விருப்பமில்லை, வேறென்ன சொல்வது. 1992-ல் சுதந்திர உக்ரைனின் பண்பாட்டு அமைச்சரானார்.

முள்வேலிக்குள்

அந்தப் பேச்சின் தொடர்ச்சியை நான் கீவில் தேடமாட்டேன். அது ரஷ்யாவில், உரால் மலைப் பக்கம் பெர்ம் கைதி முகாம்களிலும், மொர்தோவியா முகாம்களிலும் கிடைக்கிறது. இஸ்ரேலுக்குப் போக அனுமதி கேட்டதற்காகவும் சியோனிஸ்டு என்பதற்காகவும் பிடிபட்ட யூதர்கள், உக்ரைனிய மொழிக்காகப் பேசிய கவிஞர்கள், தனி நாட்டுக்காக ஆயுதம் எடுத்து 25 வருடத் தண்டனையில் கிடந்த உக்ரைனியக் கலகப் படையின் கிழவர்கள், எல்லோரையும் ஒரே முகாமில் போட்டால் அடித்துக்கொள்வார்கள் என்றுதான் நிர்வாகம் நினைத்திருக்கும். நடந்தது வேறு. இரு தரப்பும் சேர்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள், ஒருவர் மனுவில் மற்றவர் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆர்யே வூட்கா என்ற யூத இளைஞர் முகாமில் இவான் ஸ்விட்லிச்னி போன்ற உக்ரைனியக் கவிஞர்களின் கவிதைகளை ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்தார். சோதனை போட்டால் காகிதத்தைப் பிடுங்கலாம், மண்டைக்குள் இருப்பதைப் பிடுங்க முடியாது. தண்டனை முடிந்து இஸ்ரேல் போனபின் அவற்றை எழுதிக் கொடுத்து அச்சாக்கினார். அவருக்கு அது தாய்மொழிக் கவிதை அல்ல. ஒரு சமூகத்தின் சொற்களை மறு சமூகத்துக்காரர் தலையில் சுமந்து எல்லை தாண்டிய இந்தச் சங்கதியை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. லெனின்கிராட்டிலிருந்து வந்த மிகயீல் ஹைஃபெட்ஸ் மொர்தோவியாவில் வசில் ஸ்தூஸோடும் வியச்செஸ்லாவ் சொர்னொவிலோடும் இருந்தார், பின்னால் அந்த உக்ரைனிய நண்பர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

கீவ் மனநல மருத்துவர் செம்யோன் க்ளுஸ்மன் கதை இன்னும் சிக்கலானது. அரசை எதிர்த்ததால் பைத்தியம் என்று அடைக்கப்பட்ட ஜெனரல் கிரிகோரென்கோ பைத்தியமில்லை என்று மருத்துவ அறிக்கை எழுதியதற்காக 1972-ல் பிடிபட்டு ஏழு வருடம் முகாம், அப்புறம் மூன்று வருடம் நாட்டுக்குள்ளேயே தொலைதூர ஊரில் கட்டாய வாசம். யூதரான இவர் முகாமில் கலகப் படைக் கிழவர்களோடு பழகி, அவர்களைப் பற்றி மிகுந்த பாசத்தோடு எழுதியிருக்கிறார். அதே படையின் ஆட்கள் சிலர் போர்க் காலத்தில் காட்டில் ஒளிந்திருந்த யூதர்களைக் கொன்றவர்கள் என்பதும் வரலாறு. தன்னோடு ரொட்டியைப் பகிர்ந்துகொண்ட மனிதரையும் அந்தப் படையின் பெயரையும் க்ளுஸ்மன் வேறு வேறாகப் பார்த்தார். எல்லோராலும் அப்படிப் பார்க்க முடியாது, பார்க்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது.

வெளியே, தூர தேசங்களில்

முகாமிலிருந்து இஸ்ரேல் வந்த இன்னொருவர் யாகோவ் சுஸ்லென்ஸ்கி. யூத-உக்ரைனிய உறவுக்கென்றே அங்கே ஒரு சங்கம் தொடங்கி, ஒரு பத்திரிகையும் நடத்தினார். அவர் எடுத்துக்கொண்ட வேலை, யூதர்களைக் காப்பாற்றிய உக்ரைனியர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது. யூதர்களைக் காப்பாற்றிய பிற இனத்தவரைக் கௌரவிக்கும் இஸ்ரேலிய நினைவகம் யாட் வஷெம். இன்று அதன் பட்டியலில் 2600-க்கும் மேற்பட்ட உக்ரைனியர்கள் இருக்கிறார்கள். போலந்து, நெதர்லாந்து, பிரான்ஸ் நாடுகளுக்கு அடுத்த இடம். இதற்கு நேர் மறுபக்கத்தில், கனடாவில் உக்ரைனிய ஆய்வுத் துறையிலேயே வாழ்நாளைக் கழித்த ஜான்-பால் ஹிம்கா என்ற வரலாற்றாசிரியர், உக்ரைனிய தேசியவாத அமைப்புகள் யூதக் கொலைகளில் வகித்த பங்கைத் தோண்டி எடுத்து எழுதி, சொந்தச் சமூகத்தின் வசவை வாங்கிக் கட்டிக்கொண்டார். யூதர் ஒருவர் நல்ல உக்ரைனியர்களைத் தேடுகிறார், உக்ரைனிய வேர் கொண்டவர் கெட்டவர்களைத் தேடுகிறார். ஜூபா போட்ட வரிசை அப்படியே இருக்கிறது, கொஞ்சம் குறுக்குமறுக்காக.

கனடாவில் இரு சமூகமும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தும் பேச்சுவார்த்தை இல்லை. 1985-ல் போர்க் குற்றவாளிகள் கனடாவுக்குள் வந்தார்களா என்று விசாரிக்க டெஷேன் ஆணையம் அமைந்தபோது நிலைமை முற்றியது; எங்கள் முழுச் சமூகத்தையே கூண்டில் ஏற்றுகிறார்கள் என்று உக்ரைனியர்கள், கொலைகாரர்களை மூடி மறைக்கிறார்கள் என்று யூதர்கள். சொல் ஒன்றே சண்டையாகும். போலந்து ஆட்சியில் இருந்த மேற்கு உக்ரைனில் யூதருக்கு 'ஜிட்' என்பதுதான் சாதாரணச் சொல். ரஷ்யப் பேரரசில் அதே சொல் வசை. மேற்கு உக்ரைனின் கலீசியாவிலிருந்து கப்பலேறிய ஒரு முதியவர் டொரோண்டோ கடையில் நல்ல மனதோடு அந்தச் சொல்லைச் சொன்னாலும், ரஷ்யப் பேரரசின் ஒடெஸா நகரத்து யூதர் காதில் அது அறையாகத்தான் விழும். இப்படிப்பட்ட மனத்தாங்கல்களை உட்கார்ந்து பேசத்தான் ஆணையத்துக்கு முன்பே, 1983-ல், மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இரு தரப்பு அறிஞர்களும் கூடினார்கள். 2008-ல் டொரோண்டோ தொழிலதிபர் ஜேம்ஸ் டெமர்ட்டி, டொன்பாஸில் பிறந்த உக்ரைனியர், 'உக்ரைனிய யூத சந்திப்பு' என்ற அமைப்பைத் தொடங்கினார். நம் கதைகள் ஒன்றில்லாமல் மற்றொன்று முழுமையாகாது என்பது அவர்கள் வாசகம். வாசகத்தைவிட வேலை முக்கியம்: ஆயிரம் வருடக் கூட்டு வாழ்வைப் பற்றி, டொரோண்டோவின் உக்ரைனியவியல் பேராசிரியர் பால் ராபர்ட் மகோச்சியும் கீவில் பிறந்த யூத வரலாற்றாசிரியர் யொஹனான் பெத்ரொவ்ஸ்கி-ஷ்டெர்னும் சேர்ந்து ஒரே புத்தகமாக எழுதி 2016-ல் வெளிவர அவர்கள் உதவினார்கள்.

இடறிய இடங்கள்

லிவிவ் நகரத்துக் கிரேக்கக் கத்தோலிக்கப் பேராயர் ஆந்த்ரேய் ஷெப்டித்ஸ்கி போர்க் காலத்தில் தன் மாளிகையிலும் மடங்களிலும் ஏறக்குறைய 150 யூதர்களை ஒளித்து வைத்தார். அவர் நூலகத்தில் ஒளிந்திருந்து பிழைத்த ரபி (யூத மதகுரு) டேவிட் கஹானே பின்னாளில் இஸ்ரேலிய விமானப் படையின் தலைமை ரபி ஆனார். ஆனால் 1941 ஜூலையில் ஜெர்மன் படையை வாழ்த்தி வரவேற்றவரும் இதே பேராயர். அவருடைய தம்பி கிளிமெந்தியை யாட் வஷெம் 1995-ல் கௌரவித்தது. அண்ணனை, பிழைத்தவர்களே திரும்பத் திரும்ப மனுப் போட்டும், இன்று வரை இல்லை. என்னைக் கேட்டால் கொடுத்திருக்கலாம். கொடுக்காதவர்களின் தயக்கத்தையும் புரிந்துகொள்ள முடிகிறது.

2016-ல் பாபின் யார் 75-வது வருடம். உக்ரைனிய அரசு, உலக யூதக் காங்கிரஸ், டெமர்ட்டியின் அமைப்பு எல்லாம் சேர்ந்து பெரிய ஏற்பாடு. இஸ்ரேலிய அதிபர் ருவென் ரிவ்லின் கீவ் நாடாளுமன்றத்தில் பேசும்போது, கொலைக்குத் துணை போனவர்களில் உக்ரைனியர் பலர், தேசியவாத அமைப்பினர் குறிப்பாக, என்று சொல்லிவிட்டார். பல உறுப்பினர்கள் கொதித்தார்கள். விருந்தாளி வந்த இடத்தில் பேசக்கூடிய பேச்சா என்றார்கள். சிமோன் பெரெஸ் இறந்த செய்தி வரவே ரிவ்லின் பயணத்தைச் சுருக்கிக்கொண்டு திரும்பினார். அவர் சொன்னதில் பொய்யில்லை. 1966-ல் ஓர் உக்ரைனியர் வாயிலிருந்து வந்தால் வெட்கம், 2016-ல் யூதர் வாயிலிருந்து வந்தால் குற்றச்சாட்டு, அவ்வளவுதான் வித்தியாசம். அதே வருடம் ஜூலையில்தான் கீவ் நகர மன்றம் மாஸ்கோ அவென்யூவுக்கு, அந்தத் தேசியவாத அமைப்பின் தலைவர்களில் ஒருவரான ஸ்தெபான் பண்டேராவின் பெயரை வைத்திருந்தது. ஒரு கையால் கட்டி இன்னொரு கையால் இடிப்பது என்று யூத நண்பர்கள் சொன்னால் பதில் சொல்வது கஷ்டம். ரஷ்யாவை எதிர்த்த பெயர் என்பதற்காக வைத்தோம் என்று உக்ரைனியர்கள் சொல்வதும் பொய்யில்லை.

பாபின் யார் பூங்காவிலேயே இந்தச் சிக்கல் முழுக்க நிற்கிறது. 1991-ல் வைத்த மெனோரா, யூதர்களின் ஏழு கிளை விளக்குச் சின்னம், இருக்கிறது. அந்த வருடம் 50-வது நினைவு நாளில்தான் நாடாளுமன்றத் தலைவராக இருந்த க்ராவ்சுக் யூதர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். சுடப்பட்ட தேசியவாதிகளுக்காக 1992-ல் நட்ட சிலுவை இருக்கிறது. நாஜிகள் சுட்டுக் கொன்ற உக்ரைனியக் கவிஞர் ஒலேனா தெலிகாவுக்கு 2017-ல் வைத்த சிலை இருக்கிறது. அவருடைய தோழர்கள் 1941 இலையுதிர் காலத்தில் நடத்திய நாளிதழில் யூத வெறுப்பு பக்கம் பக்கமாக அச்சாயிற்று. கொன்றவனைப் புகழ்ந்து எழுதியவர்களும் அதே கொலைகாரன் கையால் செத்து, அவன் கொன்றவர்களோடு ஒரே மண்ணில் நினைக்கப்படுகிறார்கள். ரோமாக்களுக்கான வண்டிச் சிற்பம் ஒரு பக்கம். புதிய அருங்காட்சியகத்துக்குப் பணம் போட முன்வந்தவர்களில் ரஷ்யக் கோடீஸ்வரர்கள் இருந்ததால் அதற்கும் வருடக்கணக்கில் சண்டை.

இவான் ஜூபா 2022 பிப்ரவரி 22-ல் 90 வயதில் இறந்தார். இரண்டு நாளில் ரஷ்யப் படை எல்லை தாண்டியது. மார்ச் 1 மாலை, பாபின் யாருக்குப் பக்கத்திலுள்ள தொலைக்காட்சிக் கோபுரத்தைக் குறிவைத்த ஏவுகணைகள் அந்த இடத்திலேயே விழுந்து ஐந்து பேரைக் கொன்றன.